பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை: கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே எங்கள் அலுவலக அறை. நேற்று வரை ஓடிய கம்ப்யூட்டர் இன்று பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், இளம்பிள்ளை

பொறுங்கள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்காமல் மதர்போர்டின் மேல் பழி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீண் செலவுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். பேட்டரி செத்த யு.பி.எஸ். பல நேரம் கம்ப்யூட்டரின் கோளாறு போலவே தோன்றும். அடுத்து, பெட்டியின் பின்னால் உள்ள சிறிய சுவிட்சில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரின் பவர் கேபிளும் அதே வகை என்றால் அதை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

அப்படியும் அசையவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டு உட்பட எல்லாவற்றிலிருந்தும் எஸ்.எம்.பி.எஸ். இணைப்புகளைக் கழற்றுங்கள். 24 முள் இணைப்பில் பச்சைக் கம்பி ஒன்றுதான் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். விசிறி சுழன்றால் மட்டும் போதாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாற்ற வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான்.

உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது பஞ்சுத் தூசியை. அது விசிறியை அடைத்தால் உள்ளே சூடேறி, மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள் உப்பிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, விசிறியைக் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு புளோயரால் மாதம் ஒருமுறை ஊதுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் உள்ளே சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரைப் பறிக்கக்கூடும்.

கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் எழவில்லை. யு.பி.எஸ். இருந்தும் ஏன்?
- வாசகர், ஏற்காடு

சாதாரண யு.பி.எஸ். இடியைத் தடுக்கும் கருவி அல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். மின்னல் பாய்ச்சல் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, இன்டர்நெட் கேபிள் வழியாகவும் நுழையும். அந்தக் கேபிளையும் யு.எஸ்.பி. கருவிகளையும் கழற்றிவிட்டு முயலுங்கள். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 முள் இணைப்பில் உள்ள ஊதாக் கம்பியில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மின்சாரம் இருக்கும் வரை, பட்டனை அழுத்தாமலே அதில் 5 வோல்ட் வர வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக வைத்து அளந்தும் அது வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாட்டியும் எழவில்லை என்றால் மதர்போர்டைச் சந்தேகிப்பது நியாயம்.

வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கியும் பெரிய பயனில்லை. இடி முழங்குவதற்கு முன்பே எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி வைப்பதே உறுதியான வழி.

சில மாதங்கள் பூட்டியிருந்த வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டால், விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு.
- வாசகி, நாகலூர்

உங்கள் மலையூரின் ஈரக்காற்றில் ராம் எனும் நினைவகப் பட்டையின் முனைகள் மங்கிப்போவது வழக்கம். மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, பொன்னிற முனைகளை வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். இரண்டு பக்கமும் கொக்கி விழும் வரை அழுத்த வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு நொடி சுற்றிவிட்டு அணைந்துவிடுகிறது. நேற்றுதான் கேபினட் மாற்றினேன்.
- வாசகர், அம்மாபேட்டை

கேபினட்டில் மதர்போர்டுக்கு ஓட்டையே இல்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால் ஒன்று விடுபட்டு நின்றால், போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும். அதை எடுத்துவிடுங்கள். புராசசருக்கு அருகில் செருக வேண்டிய 4 அல்லது 8 முள் இணைப்பையும் பாருங்கள்.

முன்பக்கப் பட்டன்தான் கெட்டதா என்று எப்படி அறிவது?
- வாசகர், ஆத்தூர்

மதர்போர்டில் பவர் சுவிட்ச் கம்பி மாட்டியிருக்கும் இரண்டு முட்களைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியை உருவிவிட்டு, ஸ்குருடிரைவர் முனையால் அவ்விரண்டையும் ஒரு கணம் தொடுங்கள். இயந்திரம் எழுந்தால் பட்டன்தான் கெட்டது. புதுப் பட்டன் போடும் வரைக்கும் ரீசெட் பட்டனின் கம்பியை அந்த முட்களில் மாட்டி வேலையைத் தொடரலாம்.