ரொபஸ்டா காப்பியை வீட்டிலேயே ருசி பார்த்துத் தரம் அறிவது எப்படி?

கேள்வி: பந்தலூர் தாலுகா எருமாடு பக்கம் இரண்டரை ஏக்கரில் ரொபஸ்டா வைத்திருக்கிறேன். இந்த வருஷம் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்து, படுதா விரித்துக் காயவைத்தேன். வயநாட்டுப் பத்தேரியில் வியாபாரி, தோலோடு காய்ந்த உண்டக்காப்பி எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான் என்கிறார். என் காப்பி ருசியில் உண்மையிலேயே மேலா என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். முதலில் பால், சர்க்கரை, சிக்கரி மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். அவை சேர்ந்துவிட்டால் நல்ல காப்பிக்கும் மட்டக் காப்பிக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம், உங்கள் காப்பியை மட்டும் தனியாகக் குடித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வராதீர்கள். காயும் பழமுமாக உருவிப் பறித்து மண் களத்தில் காயவைத்த காப்பி அக்கம்பக்கத்தில் கிடைக்கும், அதிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கம் வைத்து ருசித்தால்தான் நாக்குக்குப் பிடிபடும்.

இரண்டையும் தோல் நீக்கிப் பருப்பாக்கி, நூறு நூறு கிராம் வறுங்கள். இரும்புச் சட்டி போதும். கை ஓயாமல் கிளற வேண்டும். படபடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கியதும் இறக்கிவிடுங்கள். எண்ணெய் கசியும் வரை விட்டால் கருகல்தான் முன்னால் நிற்கும். முறத்தில் கொட்டிப் புடைத்தால் சவ்வுத்தோலும் பறந்துவிடும், சூடும் சீக்கிரம் ஆறும். இரண்டும் ஒரே நிறத்துக்கு வறுபட்டிருக்க வேண்டும். நிறம் தப்பினால் தயங்காமல் மறுபடி வறுங்கள். ராத்திரி மூடி வைத்து, காலையில் ருசி பாருங்கள்.

ஒவ்வொரு காப்பிக்கும் ஒரே அளவில் ஐந்து டம்ளர் வேண்டும். 150 மில்லி தண்ணீருக்கு எட்டரை கிராம் கணக்கு. பருப்பாகவே தனித்தனியாக நிறுத்து, தனித்தனியாக அரைத்து அந்தந்த டம்ளரில் போடுங்கள். பொடி ஃபில்டர் காப்பிக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும். மொத்தமாக அரைத்துப் பங்கு போடத் தோன்றும், செய்யாதீர்கள். ஐந்தில் ஒரு டம்ளர் மட்டும் நாறினால் எங்கோ சில கெட்ட பருப்பு கலந்திருக்கிறது, பொறுக்கினால் சரியாகும். ஐந்தும் நாறினால் கோளாறு பறிப்பிலோ காயவைத்ததிலோ இருக்கிறது. மொத்தமாக அரைத்துவிட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தண்ணீர் 93 டிகிரி அளவில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால், இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு ஊற்றினால் சரியாக இருக்கும். நான்கு நிமிஷத்தில் பொடி மேலே ஏடு கட்டி நிற்கும். மூக்கை டம்ளருக்கு மேலேயே வைத்துக்கொண்டு, கரண்டியின் பின்புறத்தால் அந்த ஏட்டை உடையுங்கள். அப்போது எழும் ஆவியில்தான் வாசனை முழுசாக இருக்கும். நான் மிகவும் நம்புவது இந்த ஒரு நொடியைத்தான். புளிச்ச காடி வாடை வந்தால் பழம் சாக்கிலேயே ராத்தங்கிப் புளித்திருக்கிறது. பூஞ்சை வாடை என்றால் காய நாளாகியிருக்கிறது, அல்லது காய்கிறபோது நனைந்திருக்கிறது. மண் வாடை களத்திலிருந்து ஏறியது. புகை வாடை இருந்தால், மூட்டையை அடுப்படிப் பரண் பக்கம் வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நுரையை வழித்துவிட்டு, இன்னும் சில நிமிஷம் ஆறவிட்டு, கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். வாய் முழுக்கத் தெறித்தால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். ருசித்துவிட்டுத் துப்பிவிடுங்கள்; ரொபஸ்டாவில் கஃபீன் அரபிக்காவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கசக்கிறதே என்று பயப்படாதீர்கள். ரொபஸ்டா கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்புக்குப் பின்னால் இனிப்பு வருகிறதா, லேசான புளிப்பு இருக்கிறதா, அல்லது உப்புக் கரிப்புதான் தூக்கலாக நிற்கிறதா என்று கவனியுங்கள். நல்ல ரொபஸ்டா நாக்கில் கனமாக, வழவழப்பாக இறங்கும். சாக்லேட், வறுத்த கடலை, வெல்லம் மாதிரி ஒரு வாசனை விட்டுப்போகும். காய் நிறையக் கலந்தது பச்சைக் கடலை வாடையோடு நாக்கை இழுத்துப் பிடிக்கும். அது துவர்ப்பு, அதைக் கசப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, நன்றாக ஆறிய பிறகு மறுபடி ருசி பாருங்கள். சூட்டில் பல குறை மறைந்துகொள்ளும். ஆறியும் இனிப்பு குறையாமல், ஐந்து டம்ளரும் ஒரே மாதிரி இருந்தால் உங்களிடம் இருப்பது நல்ல சரக்கு. தேர்ந்த ருசிகாண்போர் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, 80-ம் அதற்கு மேலும் வந்தால் உயர்தர ரொபஸ்டா என்பார்கள்.

2019-ல் வயநாடு ரொபஸ்டாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பெயர் உதவாது. ருசியைக் காட்டித்தான் விலை கேட்க வேண்டும். பத்தேரி வியாபாரிக்கு மூட்டைக் கணக்கு போதும் என்பதால், ருசி பார்த்து வாங்கும் வறுப்பாளர்களைத் தேடுங்கள். அதற்கு முன் பெங்களூரில் உள்ள காப்பி வாரியத்தின் தரப்பிரிவுக்கு மாதிரி அனுப்பிச் சோதனைச் சீட்டு வாங்குங்கள். அதே சரக்கில் ஒரு கிலோவை, பறித்த தேதி எழுதி, வீட்டில் தனியாக வைத்திருங்கள். வாங்க வருபவர் சந்தேகம் கேட்டால் அதிலிருந்தே வறுத்துக் காட்டலாம்.