லோயருக்கு 5,000 டொலர் கட்டமுதல்

தங்கச்சி, உங்கட கேள்வி நல்லூர்த் தேர் முடிஞ்ச அடுத்த நாள் வந்தது. நான் இப்ப திருநெல்வேலியில அம்மாவோட நிக்கிறன். உங்களுக்குக் கொக்குவிலில கலியாண எழுத்து நடந்து, புருஷன்ர ஸ்பொன்சரில கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து ரெண்டு வருஷம். நாலு மாசமா நீங்களும் அவரும் ஒரே வீட்டில வேற வேற அறை. பிள்ளையள் இல்லை. லோயர் 5,000 டொலர் முற்பணம் கேட்கிறார். "ஊரில வந்து விவாகரத்து எடுத்தால் மலிவோ அக்கா?" எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

மலிவில்லை. இலங்கைச் சட்டத்தில "ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை" எண்டது காரணமே இல்லை. திருமணத்துக்குப் பிறகு வேற உறவு, வேணுமெண்டே கைவிட்டது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு, இந்த மூண்டில ஒண்டைக் காட்டவேணும். அவரும் நீங்களும் கனடாவில, வழக்கு யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில. தவணைக்குத் தவணை ரிக்கெற் போடுவீங்களோ? தீர்ப்புக் கிடைச்சாலும் அது முடிவாக இன்னும் மூண்டு மாசம் கிடக்கு.

நீங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தது போதும், ஆரின்ர பிழை எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம். ஒரே கூரைக்குக் கீழ இருந்தாலும் சமையல், படுக்கை, காசுக்கணக்கு எல்லாம் வேற எண்டால் அதுவும் பிரிவுதான், அப்ப உங்கட நாலு மாசமும் கணக்கில சேரும். பிரிஞ்ச திகதியை எழுதி வையுங்கோ. சேர்ந்து பார்ப்பம் எண்டு இடையில 90 நாள் வரைக்கும் இருந்து பார்த்தாலும் கணக்குத் திரும்பத் துவங்காது. விவாகரத்துப் பத்திரத்தை இப்பவே போடலாம், நீதிபதி வருஷம் முடியத்தான் கையெழுத்து வைப்பார். பிறகு 31ஆம் நாள் விவாகரத்துச் செல்லுபடியாகும்.

கோட்டுக் காசு மொத்தம் 669 டொலர். பத்திரம் போடேக்க 224, நீதிபதி பார்க்கமுதல் 445. வருமானம் குறைவெண்டால் அதையும் தள்ளுபடி செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து வைச்சுப் போட்டால் ஆருக்கும் பத்திரம் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கிற வேலையும் இல்லை. தனியப் போட்டால் நீங்கள் நேர குடுக்கேலாது, 18 வயது தாண்டின வேற ஆராவது குடுக்கவேணும். உங்கட சிநேகிதியே குடுக்கலாம், அதுக்கெண்டு ஆள் பிடிச்சுக் காசு குடுக்கத் தேவையில்லை.

அப்ப 5,000 எதுக்கு? சண்டைக்கு. என்ர கதையைச் சொல்லுறன். என்ர தாலிக்கொடி 9 பவுண். அது என்ர புருஷன்ர தாய் செய்து போட்டது, திருப்பித் தா எண்டு அவை நிண்டினம், நான் தரமாட்டன் எண்டு நிண்டன். ரெண்டு பக்க லோயர்மாரும் அதைப் பற்றி எட்டு மாசம் கடிதம் எழுதிச்சினம். லோயர்மார் நேரத்தை ஆறு நிமிஷத் துண்டாக வெட்டித்தான் பில் போடுவினம். நான் அழுதுகொண்டு எடுக்கிற ரெண்டு நிமிஷ போனும் ஆறு நிமிஷம். ஒருநாள் பில்லுகளைக் கூட்டிப் பார்த்தன், அந்தக் காசுக்கு 9 பவுணில இன்னொரு கொடியே செய்திருக்கலாம். கொடி கடைசியில என்னட்டத்தான் இருக்கு, லொக்கரில. ஒருநாளும் போட்டதில்லை.

எண்டாலும் எல்லாத்தையும் விட்டுக்குடுங்கோ எண்டு சொல்லேல்லை. உங்களுக்குச் சீதனமா வந்த கொக்குவில் வீடு இருக்கே, அதுக்கு லோயரிட்ட ஒரு மணித்தியாலம் காசு குடுத்துக் கேளுங்கோ, அந்தக் காசு வீண் போகாது. ஒன்ராறியோவில பிரியிற புருஷன் பெண்சாதிக்குச் சொத்துப் பங்குக் கணக்குப் பார்க்கேக்க ஊரில இருக்கிற காணியும் பெறுமதியில சேரும். சீதன உறுதி கலியாணத்துக்கு முதல் எழுதினதெண்டால், கலியாண நாளன்று இருந்த விலையைக் கழிச்சுவிட்டு, பிறகு ஏறின விலையை மட்டும் கணக்கெடுப்பினம். கலியாணத்துக்குப் பிறகு அப்பா உங்கட பேருக்கு மட்டும் நன்கொடையா எழுதினதெண்டால் முழுதும் கணக்குக்கு வெளியில நிக்கும். ஆக ஒரு கிழமை முந்தியோ பிந்தியோ எண்டதில லட்சக்கணக்கு மாறலாம். அதைவிட, யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டின பெண் தன்ர காணியை விற்கவும் புருஷன்ர எழுத்துச் சம்மதம் வேணும். பேச்சுவார்த்தையில அவற்ற கையெழுத்து ஒரு விலையுள்ள சாமான் எண்டதை மறக்காதேங்கோ.

அதேநேரம் அவசரப்பட்டு வெறும் விவாகரத்தை மட்டும் எடுத்துப்போட்டும் இருக்கக்கூடாது. சொத்துப் பங்கு கேட்கப் பிரிஞ்சு ஆறு வருஷம், அல்லது விவாகரத்தாகி ரெண்டு வருஷம், எது முந்துதோ அதுவரைக்கும்தான். அவற்ற வேலையிடத்துப் பல்லு, மருந்துக் காப்புறுதியில நீங்கள் இருந்தால் அதுவும் போகும்.

"பிரிஞ்சால் பீஆர் போயிடும்", அதாவது கனடாவில நிரந்தரமா இருக்கிற உரிமை போயிடும் எண்டு மாமி வெருட்டுறா எண்டு எழுதியிருந்தீங்கள். அப்பிடி ஒரு நிபந்தனை இருந்ததுதான், 2017இல எடுத்துப்போட்டினம். உண்மையான கலியாணம் எண்டால் பிரிஞ்சதுக்காகப் பீஆரைப் பறிக்கேலாது. அதோட, அவர் கையெழுத்து வைச்ச ஸ்பொன்சர் பொறுப்பு நீங்கள் பீஆர் எடுத்த நாளில இருந்து மூண்டு வருஷத்துக்கு அவற்ற தலையிலதான், பிரிஞ்சாலும்.

லோயரைத் தெரிவு செய்யமுதல், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின்ர பரிந்துரைச் சேவையில 30 நிமிஷம் வரைக்கும் இலவசமாக் கதைக்கலாம். குடும்ப நீதிமன்றங்களிலேயே தகவல் மையம் இருக்கு. வருமானம் குறைவெண்டால் லீகல் எய்ட் எண்ட சட்ட உதவிச் சேவை இருக்கு. கை நீட்டுறது, மிரட்டுறது ஏதும் நடந்தால் அதே லீகல் எய்டில ரெண்டு மணித்தியால ஆலோசனை இலவசம். உங்கட கடிதத்தில ஒரு வரி எனக்கு யோசனையா இருந்தது, அதால சொல்லுறன். அப்பிடி எண்டால் முதல் பாதுகாப்பு, காசுக்கணக்குப் பிறகு.

விவாகரத்துக்குப் போடக் கலியாணப் பதிவுப் பத்திரமும் அதின்ர ஆங்கில மொழிபெயர்ப்பும் வேணும். ஸ்பொன்சருக்குக் குடுத்த பிரதி அவற்ற பைலில இருந்தால் அதுக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ. பதிவு இலக்கமும் திகதியும் அனுப்புங்கோ, நல்லூர்ப் பிரதேச செயலகம் எனக்கு சைக்கிள் ஓடுற தூரம், புதுப் பிரதி கேட்டுப் பார்க்கிறன். நான் வாற மாசம் 12ந் திகதி வரைக்கும் இங்கதான். அதுக்குள்ள உங்கட அம்மாட்டச் சீதன உறுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, முதல் பக்கத்துத் திகதி தெளிவாத் தெரியவேணும்.