மாடு வளர்ப்பு: கேளுங்க, சொல்றம்

கேள்வி: எங்கட பட்டி நாட்டு மாட்டுப் பட்டி, போன வருசம் ஒரு ஜேர்சி கலப்புப் பசு வாங்கிச் சேர்த்தன். எத்தின தரம் மருந்தடிச்சாலும் உண்ணி திரும்ப ஏறுது. ரெண்டு நாளா பசு தீன் தின்னுதில்ல, மூத்திரம் சாயத் தேத்தண்ணிக் கலர்ல போகுது. வயலுக்கு அடிக்கிற மருந்தப் பூசச் சொல்றாங்க, பூசலாமா?
- கிரான் வாசகர்

பதில்: பூசவே வேணாம். வயல் மருந்து தோலால உள்ள இறங்கினா மாடு வாணி வடிச்சு நடுங்கி விழுந்திடும், பூசுற ஆளுக்கும் ஆபத்து. இப்ப அவசரம் உண்ணி இல்ல, மூத்திரம். அந்தக் கலர்ல போகுதெண்டா பெரும்பாலும் பபேசியாதான், உண்ணி கடிக்கக்குள்ள ரத்தத்துக்குப் போற கிருமி, சிவப்பணுவ உடைச்சுப்போடும். இண்டைக்கே மிருக வைத்தியரக் கூப்பிடுங்க, காது நுனில ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திட்டு டிமினசீன் இல்லாட்டி இமிடோகார்ப் ஊசி போடுவாங்க. கண் இமைக்கு உள்பக்கம் வெளிறிக் கிடந்தா பசுவ வெயில்ல நடத்திக்கொண்டு போகாதீங்க, வைத்தியர் வரட்டும்.

நாட்டு மாட்டுக்கு ஒண்டும் இல்லயே எண்டு யோசிப்பீங்க. அதுகள் கண்டுக்குட்டியா இருக்கக்குள்ளயே இந்தக் கிருமி தொத்திப் பழகினதுகள், அதோட நாட்டு மாட்டுத் தோல்ல உண்ணியும் குறைவாத்தான் தங்கும். உங்கட பசு வளர்ந்தாப்பிறகு புதுசா வந்து மாட்டிக்கிச்சு.

உண்ணி ஏன் திரும்ப வருதெண்டா, நம்மட மாட்டு உண்ணி குஞ்சா புல்லுல இருந்து ஏறி, அதே மாட்டுலயே வளர்ந்து, 3 கிழமை போல ரத்தம் குடிச்சு ஊதிக் கீழ விழும், ஒரு பெட்டை 2000, 3000 முட்டை போடும், குஞ்சுகள் புல் நுனில மாசக்கணக்கா காத்துக்கிடக்கும். ஒரு பசுவுக்கு மட்டும் அடிச்சிட்டு மற்றதுகள சும்மா விட்டா காசுதான் நட்டம். பட்டி முழுக்க ஒரே நாள்ல அடிங்க, 3 கிழமைக்கொருக்கா. அடிக்கிற உண்ணி மருந்து அமிட்ராஸ் 12.5 சதவீதம் எண்டா வழமையா லீற்றருக்கு 2 மில்லி, போத்தல் லேபிளயும் பாருங்க. மூடியால குத்துமதிப்பா ஊத்திறதாலதான் பாதி உண்ணி சாகாம மருந்துக்குப் பழகுது. முதுகுல நனைச்சிட்டுப் போறாக்கள்தான் கூட, உண்ணி இருக்கிறது காதுக்குள்ள, வாலடில, மடில, தொடை இடுக்குல. உண்ணிக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசி பால் கறக்கிற மாட்டுக்கு வேணாம்.

கேள்வி: 4 மாசக் கண்டுல நாலஞ்சு உண்ணி கிடக்கு, ஒண்டு விடாமப் பிடுங்கணுமா?
- வெல்லாவெளி வாசகி

பதில்: கண்டு துள்ளித் திரியுதெண்டா விடுங்க தங்கச்சி. 9 மாசத்துக்குள்ள பபேசியா கண்டுகளப் பெரிசா வாட்டாது, இந்த வயசுல கொஞ்சம் தொட்டாத்தான் எதிர்ப்பு வரும். உண்ணி மொய்ச்சுக் கண்டு மெலிஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் வைத்தியரிட்டக் காட்டுங்க.