லாரி ஏசி: கேஸ் எங்கே போகிறது, காசு எங்கே போகிறது?

கேள்வி: வாரண்டி முடிந்ததிலிருந்து ஏசிக்கு மூன்று முறை கேஸ் நிரப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம்தான் தாங்குகிறது. ஓடுகிற வண்டியில் கேஸ் குறைவது சகஜம் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: இல்லை. ஏசியில் இருக்கும் கேஸ் டீசல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் காலியானால் கண்டிப்பாக எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடாமல் நிரப்பும் ஒவ்வொரு கிலோவும் வீண் செலவு. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கேஸ் கசியும்போது கம்ப்ரசர் ஆயிலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஆயில் சேர்க்காமல் கேஸை மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பிய வண்டியில்தான் கம்ப்ரசர் ஜாம் ஆகிறது.

லாரியில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரில், கல் பட்ட கீழ்ப்பகுதி. ஹோஸும் அலுமினிய முனையும் சேரும் கிரிம்ப். எஞ்சின் ஒரு பக்கம் ஆட கேபின் இன்னொரு பக்கம் ஆடுவதால், இரண்டுக்கும் இடையே போகும் ஹோஸ் வளைந்து வளைந்து விட்டுப்போகும். அடுத்து கம்ப்ரசரின் முன்புறம், அதைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் கிளட்சுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் சீல். பிறகு சர்வீஸ் போர்ட்டின் உள்ளே இருக்கும் வால்வு பின். அதன் மூடி தொலைந்துபோயிருந்தால் உடனே வாங்கிப் போடுங்கள். கசிவு உள்ள இடத்தில் ஆயிலும் தூசியும் சேர்ந்து ஈரமான கறை தெரியும்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், மிச்சமிருக்கும் கேஸை மெஷினில் இழுத்து எடுத்துவிட்டு, உலர்ந்த நைட்ரஜனை 10 பார் அளவுக்கு ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவச் சொல்லுங்கள். எடுத்த கேஸின் எடையைக் கேட்டு வாங்குங்கள். வண்டியில் ஒட்டிய ஏசி ஸ்டிக்கரில் உள்ள கேஸ் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். கேபின் காற்றைக் குளிரவைக்கும் எவாப்ரேட்டர் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் நுரை வைக்க முடியாது. அதற்கு, கேஸ் உள்ளே இருக்கும்போதே எலக்ட்ரானிக் டிடெக்டரின் முனையைத் தண்ணீர் வடியும் குழாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்ட யாரையும் விடாதீர்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது.

கசிவை அடைப்பதாக டப்பாவில் விற்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். அது காற்றும் ஈரமும் பட்டால் இறுகும் ரகம் என்றால், கேஸ் எவாப்ரேட்டருக்குள் நுழையும் சிறு வாயான எக்ஸ்பான்ஷன் வால்வையே அடைத்துவிடலாம். அது போட்ட வண்டியைத் தங்கள் மெஷினில் இணைக்கப் பல ஒர்க்‌ஷாப்கள் மறுக்கும்.

கேள்வி: கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார்கள். ஓர் இடத்தில் கம்ப்ரசர், கண்டன்சர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் மாற்ற வேண்டும் என்று பெரிய எஸ்டிமேட். இன்னோர் இடத்தில் கம்ப்ரசர் மட்டும் போதும் என்று அதில் மூன்றில் ஒரு பங்கு. யாரை நம்புவது?

பதில்: கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கம்ப்ரசரின் முன்னால் உள்ள கிளட்ச் தட்டைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்றினால் ஜாம் ஆகவில்லை. அப்படியானால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கிளட்ச் தட்டை இழுக்கும் காயிலுக்கு வரும் கரண்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேஸ் குறைந்தாலே பிரஷர் சுவிட்ச் கிளட்சை இயங்கவிடாது, அது கம்ப்ரசர் பழுதல்ல. காயிலின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 24 வோல்ட் காயில் ஏறத்தாழ 12 முதல் 20 ஓம், 12 வோல்ட் காயில் 3 முதல் 5 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் எரிந்திருக்கிறது. கரண்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. இருக்க வேண்டும். ஷிம் எனும் மெல்லிய வளையத் தகடு ஒன்றை எடுத்தாலே சரியாகிவிடும். பல கம்ப்ரசர்களில் காயில், தட்டு, புல்லி பேரிங் மூன்றையும் கேஸ் லைனைத் திறக்காமலே தனியாக மாற்றலாம். கம்ப்ரசர் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

சுற்றவே மறுத்தால், அல்லது கரகரவென்று சுற்றினால், எந்த எஸ்டிமேட் சரி என்பதைப் பழைய ஆயில்தான் சொல்லும். கேஸை மெஷினில் எடுத்த பிறகு, கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் குழாயைத் திறந்து, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் சின்ன எஸ்டிமேட் கிட்டத்தட்ட சரி. கம்ப்ரசரோடு டிரையரையும் திறந்த மூட்டுகளின் ஓ-ரிங்குகளையும் சேர்த்தால் போதும். கறுப்புப் பசை போலவோ வெள்ளிப் பொடி போலவோ வந்தால் பெரிய எஸ்டிமேட்டுக்காரர்தான் நேர்மையானவர். உள்ளே தேய்ந்த உலோகத் துகள்கள் முதலில் போய்ச் சேருவது கண்டன்சரில். இன்றைய கண்டன்சர்களில் கேஸ் ஓடும் துளைகள் ஏறத்தாழ ஒரு மி.மீ. அகலம்தான். எந்தத் திரவத்தை அடித்தாலும் அந்தத் துகள் முழுதாக வெளியே வராது. புதுக் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்து, அதையும் தின்றுவிடும். அப்போது இரண்டு கம்ப்ரசருக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள். டிரையர் மாற்றியதற்கும் லைனைக் கழுவியதற்கும் பில் இல்லாவிட்டால் புதுக் கம்ப்ரசரின் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

கழுவுவது ஹோஸ்களையும் எவாப்ரேட்டரையும் மட்டுமே, அதுவும் ஏசிக்கென்றே வரும் ஃபிளஷ் திரவத்தால். பெட்ரோல், டீசல், தின்னர் கூடாது. எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிய பிறகே கழுவ வேண்டும். கழுவியதும் நைட்ரஜன் ஊதி ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்த வேண்டும். ஆயில் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. புதுக் கம்ப்ரசருக்குள் ஏற்கெனவே எத்தனை மில்லி இருக்கிறது என்று பெட்டியில் உள்ள தாளைப் படிக்காமல், மேலும் ஊற்றிவிடுகிறார்கள். ஆயில் கூடினால் குளிர்ச்சி குறையும், குறைந்தால் கம்ப்ரசர் சாகும். பிஏஜி எனும் ஏசி ஆயிலில் 46, 100, 150 ஆகிய ரகங்களில் எது என்று தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் ஊற்ற வேண்டும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். திறந்து நாள்கணக்கில் வைத்திருந்த பாட்டிலை ஏற்காதீர்கள்.

பொருத்திய பின் கிளட்ச் தட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, தேங்கிய ஆயிலைப் பரவவிட வேண்டும். வேக்யூம் (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுப்பது) முக்கால் மணி நேரமாவது ஓடட்டும். பிறகு பம்பை நிறுத்தி வால்வை மூடினால் கேஜின் முள் அசையாமல் நிற்க வேண்டும். கேஸை ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில், தராசில் வைத்தே ஏற்ற வேண்டும். நிற்கும் வண்டியில் கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்துக் கேஸ் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ எனும் ஏசி கேஸ் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐதான் காட்டும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் கண்டன்சரிலும் ஹோஸிலும் குறையுங்கள். அளவு பொருந்தும் வேறு தயாரிப்பு போதும், பழைய ஹோஸின் முனையை மறுபடி கிரிம்ப் செய்தும் கொள்ளலாம். உடைத்த வண்டியிலிருந்து வந்த கம்ப்ரசர், வாய்கள் மூடாமல் கிடந்தது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. வண்டி நின்றால் சூடான காற்று. கேஸ் குறைவா?

பதில்: பெரும்பாலும் இல்லை, கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. நின்றபடி எஞ்சினை ஓடவிட்டு, கண்டன்சர் மேல் தண்ணீர் தெளியுங்கள். உடனே குளிர்ந்தால் காற்றோட்டம்தான் குறை. ரேடியேட்டர் ஃபேனின் கிளட்ச் நழுவுகிறதா பாருங்கள். கண்டன்சருக்கும் பின்னால் இருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே பஞ்சும் தூசியும் மெத்தை போல அடைந்திருக்கும், முன்னிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். கேஸ் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

கேள்வி: ஒரு மணி நேரம் குளிர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. அணைத்து வைத்தால் மறுபடி வேலை செய்கிறது.

பதில்: எங்கோ உறைகிறது. குளிர்ச்சி நின்ற நேரத்தில் காற்றின் வேகமும் குறைந்தால் எவாப்ரேட்டரில் பனி கட்டியிருக்கிறது. கேபின் ஃபில்டரையும் ஏசியின் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். காற்று வேகமாகவே வந்து சூடாக மட்டும் இருந்தால், உள்ளே புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் உறைகிறது. டிரையரை மாற்றி, நீண்ட வேக்யூம் போட வேண்டும்.

கேள்வி: வாரண்டி முடிந்து சில வாரம்தான் ஆகிறது. இனி எதுவும் கேட்க முடியாதா?

பதில்: கேளுங்கள், ஆனால் பழுது பார்ப்பதற்கு முன் கேளுங்கள். வெளியே பிரித்துவிட்டால் தயாரிப்பாளர் பெரும்பாலும் பொறுப்பேற்க மாட்டார். வாரண்டிக் காலத்திலேயே “ஏசி குளிரவில்லை” என்று ஜாப் கார்டில் எழுதப்பட்டிருந்தால் அதுதான் உங்கள் பலம். அதே குறை தொடர்கிறது என்று, ஜாப் கார்டின் நகலோடு எழுத்தில் கொடுங்கள். அப்படி இல்லாவிட்டாலும், சர்வீஸ் எல்லாம் காலத்தில் செய்த பதிவைக் காட்டி, உதிரிபாகச் செலவில் ஒரு பங்கையாவது ஏற்கக் கேட்கலாம். சட்டப்படி கட்டாயமில்லாத சலுகை இது, கேட்டவர்களுக்கே கிடைக்கிறது. முன்பு மாற்றிய பாகம் ஏதாவது இருந்தால் அதற்குத் தனி வாரண்டி ஓடிக்கொண்டிருக்கலாம், பழைய பில்லைத் தேடுங்கள்.

எஸ்டிமேட் வாங்கும்போது சோதனைக் கட்டணம், பாகங்களின் எண், கூலி, கேஸின் எடையும் ஆயிலின் அளவும் தனித்தனியாக இருக்கட்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இப்போதைக்குப் பணம் இல்லை. ஏசி இல்லாமலே வண்டியை ஓட்டலாமா?

பதில்: கம்ப்ரசர் உள்ளே ஜாம் ஆகி, புல்லி மட்டும் சத்தமில்லாமல் சுற்றினால் ஓட்டலாம். கிளட்சின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். புல்லி பேரிங் கத்தினால் ஓட்டாதீர்கள். அதே பெல்ட்டில்தான் பல எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் ஓடுகின்றன. பேரிங் பிடித்தால் பெல்ட் அறுந்து, எஞ்சின் சூடேறி நடுவழியில் நிற்கும். சில எஞ்சின்களுக்குக் கம்ப்ரசரைத் தவிர்த்துச் சுற்றும் குட்டை பெல்ட் கிடைக்கும், பெல்ட் போகும் பாதையைப் பார்த்து நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏசி லைன் எதையும் திறந்த வாயோடு விடாமல் மூடி போட்டு வையுங்கள்.