குறி கேட்கவும் பூப்போட்டுப் பார்க்கவும் எப்போது போகலாம்?

"எந்த விஷயத்துக்குக் குறி கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது? பிடிக்காத பதில் வந்தால் வேறு கோயிலில் மறுபடி கேட்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியைப் பார்த்ததுமே புரிகிறது, நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டுவிட்டீர்கள், வந்த பதில் மனதுக்கு ஒப்பவில்லை. வரனோ, வீடு விற்பதோ, வெளிநாட்டு வேலையோ, எதுவாகவும் இருக்கட்டும். என் அம்மா இதில் ஒரு கறாரான முறை வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன், "இந்தக் காலத்திலும் இதெல்லாமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சேலத்துக்காரி. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு நடந்தது எங்கள் ஊரில்தான். 1971இல் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்த வாதங்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். அவற்றில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் வைத்து, ஒன்றை எடுத்து வந்த நிறத்தைப் பதிலாகக் கொள்வதுதான் பூப்போட்டுப் பார்ப்பது. பூ எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் எங்கும் எழுதப் போவதில்லை. ஆனால் என் அம்மா பூப்போட்டுப் பார்த்ததை மூடத்தனம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டேன்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது தம்பி தங்கைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். காப்பிப் பழம் பறித்து முடிகிறவரை குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளலாம், அம்மா விரும்பினால் எஸ்டேட்டிலேயே கூலி வேலையும் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடும் தருகிறோம் என்றார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த மாமா, "கீழே வந்துவிடு அம்மணி, மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. பட்டறை வேலை பழகிக்கொள்ளலாம்" என்றார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "ஆத்தாவிடம் பூக்கேட்டுவிடு" என்பதுதான். அம்மா அசையவில்லை. "எனக்கே இன்னும் விவரம் தெரியாது. ஆத்தாவிடம் என்னவென்று போய்க் கேட்பது?" என்றார்.

பிறகு விவரம் தேடப் புறப்பட்டார். அப்பாவின் பி.எஃப். பணம் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்து எழுதி வாங்கினார். வருட நடுவில் டி.சி. வாங்கினால் சேலத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று பள்ளியில் கேட்டார். பஸ் ஏறி இறங்கிப் போய், பட்டறையில் வேலை செய்த பெண்களோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். கூலி எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள், பற்றவைக்கிற புகையில் கண் என்ன ஆகிறது என்று அவர்களிடமே தெரிந்துகொண்டார். கடைசியாக அத்தையைத் தனியே கூப்பிட்டு, "அண்ணன் வரச் சொல்கிறார். உங்களுக்குச் சம்மதமா அண்ணி?" என்று கேட்டார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அவரை யாருமே ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. "அடுப்பை மட்டும் தனியாக வைத்துக்கொள்வோம், மற்றபடி வா" என்றாராம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. மலையில் இருந்தால் சொந்தம் கிடையாது, மானம் உண்டு. கீழே போனால் பிள்ளைகள் படிப்பார்கள், ஆனால் அண்ணன் வீட்டு மாடி. இரண்டில் எது வாய்த்தாலும் எழுந்து நடத்திவிட முடியும் என்ற தெளிவு வந்த பின்தான் அம்மா பூவுக்கு ஏற்பாடு செய்தார்.

அதைச் செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மல்லிகை வேண்டாம், பொட்டலத்துக்கு வெளியே மணத்திலேயே தெரிந்துவிடும் என்று ஒதுக்கிவிட்டார். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. ஒரே வாழையிலையை நடு நரம்போடு இரண்டாகக் கிழித்து, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டார். பிறகு அவற்றைப் பூசாரியிடம் கொடுத்து, திரை போட்டுக்கொண்டு மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார், தனக்கே தெரியக் கூடாது என்று. எடுப்பதற்கு லயத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி வந்தாள். என்ன விஷயம் என்று அவளுக்குச் சொல்லவில்லை. எங்களையும் எடுக்க விடவில்லை, ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் ஓர் ஆசை இருந்தது. வெள்ளை வந்தால் இறங்குவது, சிவப்பு வந்தால் மலையிலேயே இருப்பது என்று அம்மா வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சிறுமி கையை நீட்டினாள்.

வெள்ளை வந்தது. பறிப்பு முடிந்ததும் இறங்கிவிட்டோம்.

இது நம்மிடம் நேற்று முளைத்த பழக்கம் அல்ல. சங்க காலத்தில் விரிச்சி கேட்டல் என்று இருந்திருக்கிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதுபெண்டிர் நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுது நிற்பார்கள். அப்போது ஓர் இடைச்சிறுமி, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்வது காதில் விழும். அதையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு போய்த் தலைவியைத் தேற்றுவார்கள். அந்தச் சிறுமிக்கும் விஷயம் தெரியாது, லயத்துச் சிறுமிக்கும் தெரியாது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில்கூட, கனவில் ஆண்டவன் உத்தரவு வந்தது என்று யாராவது ஒரு பொருளைச் சொன்னால், பூக்கேட்டு வெள்ளைப் பூ வந்த பிறகுதான் அதை உத்தரவுப் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். கேட்கிறவரின் ஆசை பதிலுக்குள் புகுந்துவிடக் கூடாது என்று நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

எதற்குக் கேட்கக் கூடாது என்பதையும் சேலத்தில்தான் கண்ணால் பார்த்தேன். தம்பிக்குக் காய்ச்சல் விடவே இல்லை. மலையிலிருந்து வந்த பிள்ளை, ஏதோ காற்றுக் கருப்பு என்று சொல்லி மாமா சேலத்தில் குகை என்ற பகுதியில் குறி சொல்லும் ஒரு பாட்டியிடம் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். அந்தப் பாட்டி உடுக்கையைத் தொடவே இல்லை. தம்பியின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். தட்டில் இருந்த வெற்றிலை பாக்கையும் காசையும் எடுத்து மாமா கையிலேயே திணித்தார். "இது என்னிடம் வருகிற விஷயம் இல்லை சாமி. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாருங்கள். பிள்ளை தேறி வந்த பிறகு திருநீறு போட்டுவிடுகிறேன்" என்றார். டைபாய்டு. தம்பி இன்று இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அந்தப் பாட்டி மாதிரி எல்லோரும் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் மற்றவர்கள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

      

இன்னொன்று, வாய் திறந்து கேட்டால் சொல்லக்கூடிய மனிதர் எதிரே இருக்கும்போது தெய்வத்திடம் போகாதீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், பல்லி சொல்லியதா என்று காது கொடுத்தார்கள், குலதெய்வத்திடம் வாக்கும் வாங்கினார்கள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவள் இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள். அந்தப் பெரியவர்கள் இன்றும் ஜோசியரைத்தான் திட்டுகிறார்கள். அவர் மேல் என்ன தப்பு? அவளைக் கேட்க வேண்டிய வாய் இவர்களுடையது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கேட்கக் கூடாது என்பதுதான் என் பதில். சேலத்தில் முதல் வருடம் கஷ்டப்பட்டபோது, "கோட்டை மாரியம்மனிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமா?" என்று மாமாவே அம்மாவிடம் கேட்டார். "அங்கே இருப்பவளும் அவள்தானே? அவளை எதற்கு ஊர் ஊராகப் போய்ச் சோதிக்க வேண்டும்?" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். நிலைமை தலைகீழாக மாறியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. வந்த வரனே வேறு, விற்கப் போகும் விலையே வேறு என்றால் அது புதுக் கேள்வி. புதுக் கேள்விக்குப் புதுப் பூ வைக்கலாம்.

அப்படிக் கேட்பதாக இருந்தால் ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழாவைத் தொடங்கும் பூச்சாட்டுதல் ஆகிவிட்டால் சேலத்து மாரியம்மன் கோயில் எதிலும் பூசாரிக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது. கூட்டமில்லாத ஒரு காலையில் போங்கள். பொட்டலம் எடுக்க உங்கள் வீட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.