மண்மேட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகன் ஜார்கண்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் சர்வேயர். மழை விட்டதும் கழிவு மண்மேட்டைச் சுற்றி வருவதுதான் வேலை என்கிறான். அதில் பார்க்க என்ன இருக்கிறது ஐயா? – வாசகி, மேலூர்

பதில்: நிறைய இருக்கிறது அம்மா. ஓய்வு பெறும்வரை நானும் அந்த வேலை பார்த்தவன்தான்.

முதலில் உச்சி. விளிம்பை ஒட்டி விரிசல் ஓடினால் இரண்டு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து தேதி போட்டு எழுதிவைப்போம். அடுத்த முறை இடைவெளி கூடியிருந்தால் கீழே நிற்கிற ஆளையும் மிஷினையும் உடனே வெளியேற்ற வேண்டியதுதான். மேலே தண்ணீர் தேங்கவும் விடக் கூடாது. உள்ளே இறங்கி மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

அப்புறம் அடிவாரம். என்னைக் கேட்டால் பாதி நேரம் அங்கேதான் நிற்க வேண்டும். நம்ம ஊர்க் கண்மாய்க் கரை மாதிரிதான்: கசிவு தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம், கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. தரை உப்பியிருந்தாலும் சரிவுக்கு அறிகுறி. வடிகாலை மண் அடைத்திருப்பது அடிக்கடி நடப்பது. நோட்டில் எழுதினால் மட்டும் போதாது; அள்ளினார்களா என்று திரும்பப் போய்ப் பார்க்கணும்.

1966 அக்டோபர் 21-ல் வேல்ஸில் அபெர்ஃபான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் இப்படியொரு மேடு சரிந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றின் மேலேயே கழிவைக் கொட்டியிருந்தார்கள்.

மேடு போடுமுன் அந்த இடத்தில் ஓடை இருந்ததா என்று பழைய வரைபடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.