மகள் ஏஐயோடு பேசுகிறாள், சைக்காலஜி வேறு கேட்கிறாள்

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. மகள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஏதோ ஏஐ ஆப்பில் ஒரு கதாபாத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒன்று, பிளஸ் டூ முடித்ததும் பி.டெக் ஏஐ வேண்டாம், சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாள் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனித் தலைவலியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ ஒரே விஷயம் போலத்தான் தெரிகிறது.

முதலில் அந்த ஆப். இந்த மாதிரி ஆப்கள் எப்படி வந்தன தெரியுமா? யூஜீனியா குய்டா என்று ஒருவர். 2015இல் மாஸ்கோவில் விபத்தில் இறந்துபோன நண்பரின் பழைய மெசேஜ்களை எல்லாம் திரட்டி, அவரைப் போலவே பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றைச் செய்தார். 2017இல் அவர் நிறுவனம் வெளியிட்டதுதான் ரெப்ளிகா, யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு ஏஐ தோழரை வைத்துக்கொள்ளலாம் என்று. பிறகு கூகுளிலிருந்து வெளியே வந்த இருவர் 2021இல் கேரக்டர்.ஏஐ தொடங்கினார்கள், பிடித்த கதாபாத்திரத்தோடு அரட்டை அடிக்கிற ஆப் அது. துக்கம், தனிமை, கூச்சம், இவையெல்லாம் சந்தையாகிவிட்டன என்று சொன்னால் கசப்பாக இருக்கும், ஆனால் நடந்தது அதுதான். எத்தனை முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாத, முகம் சுளிக்காத ஆள் கிடைத்தால் பதினேழு வயசுப் பிள்ளை ஏன் பேசாது?

ஆபத்தும் அங்கேயேதான். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ரெப்ளிகாவைத் தடுத்தது, சிறுவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். 2025 நவம்பரில் கேரக்டர்.ஏஐ 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த முடிவில்லாத அரட்டையை நிறுத்தியது. அதனால் எந்த ஆப், என்ன வயது கொடுத்துச் சேர்ந்திருக்கிறாள் என்று கேளுங்கள். போனைப் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவள் பேச்சில் வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் படிப்பு, கோர்ஸ் எல்லாம் அப்புறம், அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

சரி, சைக்காலஜி படித்தால் ஏஐ பக்கம் என்ன வேலை என்பதற்கு வருவோம். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ சாட்ஜிபிடிக்கு ஒரு அப்டேட் விட்டது, அது யார் என்ன சொன்னாலும் ஆமாம் சாமி போட ஆரம்பித்துவிட, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். எது ஆறுதல், எது வெறும் முகஸ்துதி என்பது புரோகிராம் எழுதுகிறவர் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. மனசைப் படித்தவர் பக்கத்தில் வேண்டும். பெங்களூருவில் ஜோ அகர்வாலும் ராமகாந்த் வெம்பட்டியும் தொடங்கிய வைசா என்கிற மனநல சாட்பாட் நிறுவனத்தில் உளவியல் தெரிந்தவர்களும் இன்ஜினியர்களும் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். சாட்பாட் எப்படிப் பேச வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி மனித ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும், தவறான பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது, இதற்கெல்லாம் ஆள் தேவை. தமிழில் இந்த வேலை இன்னும் அதிகம், ஏனென்றால் மிஷினுக்குப் பாடப்புத்தகத் தமிழ் வருகிற அளவுக்கு திருநெல்வேலிப் பாட்டி டாக்டரிடம் சொல்கிற தமிழ் வருவதில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.எஸ்சி. சைக்காலஜியோடு நின்றால் சம்பளம் சுமார்தான். முதுகலை கட்டாயம் வேண்டும், கிளினிக்கல் பக்கம், அதாவது நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் பக்கம், போவதானால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு பெறத் தகுதியான படிப்பாக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், சேர்ந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

நான் சொல்கிற வழி, சைக்காலஜியும் படிக்கட்டும், கூடவே ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பட்டமும் படிக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இலேயே அனுமதித்துவிட்டது. இந்த ஐஐடி படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரம் பாடம் படித்துவிட்டு தகுதித் தேர்வில் தேறினால் போதும். முதல் கட்டத்தில் கணக்கு, புள்ளியியல், பைத்தான், ஆங்கிலம் வரும். அடித்தளச் சான்றிதழ், டிப்ளமோ என்று பாதி வழியில் இறங்கிக்கொள்ளவும் வசதி உண்டு. பாடம் முழுக்க ஆங்கிலம், தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், லேசாக எடுத்துக்கொண்டால் முடியாது. நான்கு லட்சம், ஐந்து லட்சம் கேட்டு நூறு சதவீத வேலை உறுதி என்று போஸ்டர் ஒட்டும் ஏஐ கோர்ஸ்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

இந்த லீவில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தெருவில் இருக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் அப்பாயின்ட்மென்ட் கேட்டு வரும் மாதிரியான கேள்விகளை, நம்மாட்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார்களே அந்த மாதிரியே, அவளாகவே ஒரு ஐம்பது எழுதட்டும். நிஜ நோயாளியின் பேரும் நம்பரும் வேண்டவே வேண்டாம். அதை இலவச ஏஐ ஒன்றில் போட்டு எங்கே தடுமாறுகிறது, பயந்துபோய்க் கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கட்டும். பிடித்திருந்தால் தொடர்வாள், இல்லையென்றால் பத்து நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டினால் அவரே அவளுடைய முதல் வாடிக்கையாளராகக்கூட ஆகலாம், யார் கண்டது.

பிளஸ் டூவில் என்ன குரூப், பத்தாவதில் கணக்கு மார்க் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்புவீர்களா என்பதையும் சொல்லுங்கள், அப்புறம் கல்லூரிகளைப் பற்றிப் பேசலாம்.